கண்ணாடிக் குடிலின் பொது முகவரி

மே 14, செவ்வாய்

மதியத்துக்குள் என் கணவன் வெர்னர் மூன்று முறை அழைத்துவிட்டான். முதல் அழைப்பு, தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் குடிலின் மேல் சன்னலைத் திறந்தேனா என்று கேட்க. இரண்டாவது, எவ்வளவு திறந்தேன் என்று கேட்க. மூன்றாவது, இதையெல்லாம் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்பட.

தொடை எலும்பு முறிந்து, அறுவை முடிந்து, இப்போது வீபோர் நகரில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் நடை பழகுகிறான். ஏணியிலிருந்து விழுந்தான். ஏணியில் ஏன் ஏறினான்? தக்காளிச் செடிகளைக் கண்காணிக்கும் கேமராவுக்குக் கம்பி இழுக்க. கேமராவை மாட்டி, கம்பியைச் செருகி, எல்லாம் முடித்து இறங்கும்போது, "இன்னும் ஒரு படி இருக்கு," என்றேன். "எனக்குத் தெரியும்," என்றான்.

தெரிந்திருக்கவில்லை.

இப்போது புதிய உத்தரவு. அந்தக் கேமராவை அவன் வீபோரிலிருந்து பார்க்க வேண்டும்.

"கேமரா இருக்கு. இன்டர்நெட் இருக்கு. வெளியில இருந்து தெரியற மாதிரி ரவுட்டர்ல ஒரு சின்ன வேலை செய்யணும், அவ்வளவுதான். குழந்தைகூடச் செய்யும்."

"அப்போ ஒண்ணு பெத்திருக்கலாம்," என்றேன்.

பதிலுக்கு மேல் சன்னலைப் பற்றி மறுபடி கேட்டான்.

இந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவன்தான் கற்றுக்கொடுத்தான். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று காரைத் திருப்பிக் கொடுத்தான். பிரேக்கை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டான். நானோ, காது கேட்கும் கருவி பொருத்தும் கடையில் வேலை பார்த்தவள். ஊருக்கெல்லாம் காது கேட்க வைத்தேன். வீட்டுக்காரன் காதுக்கு மட்டும் என்னிடம் கருவி இல்லை.

மே 15, புதன்

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே காலை போய்விட்டது. காலணி அலமாரிக்குப் பின்னால், தூசிக் கம்பளி போர்த்திக்கொண்டு, நான்கு பச்சைக் கண்ணால் என்னைப் பார்த்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அறிமுகமே இல்லை.

இணைய நிறுவனத்தின் உதவி எண். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. நான் உருளைக்கிழங்கைக் கழுவி, வேகவைத்து, தோலுரித்து, தின்றும் முடித்தேன். முக்கியத்துவம் குறையவே இல்லை.

கடைசியில் ரூனெ என்று ஒருவன் வந்தான். குரலைக் கேட்டால் இன்னும் மீசை முளைக்காதவன் போல. பொறுமைசாலி.

"உங்க வீட்டுக்குத் தனியா பொது முகவரி இல்ல. உங்க பகுதியில பல வீட்டுக்கும் சேர்த்து ஒண்ணுதான். வெளியில இருந்து யாராவது வந்தா எந்த வீட்டுக்கு வந்தாங்கன்னே தெரியாது."

"அப்போ எனக்கு முகவரியே இல்லையா?"

"வீட்டுக்குள்ள இருக்கு. வெளியுலகத்துக்கு இல்ல."

ஓய்வு பெற்ற பெண்களுக்கு இது புதிய செய்தியில்லை தம்பி என்றேன். அவன் சிரிக்கவில்லை. தனி முகவரிக்கு எழுதிப் போட்டிருக்கிறான். சில நாள் ஆகுமாம்.

மே 17, வெள்ளி

முகவரி வரவில்லை. வெர்னர் வந்தான், காதில், நான்கு முறை.

மே 21, செவ்வாய்

முகவரி வந்துவிட்டது. எனக்கே எனக்கு. புள்ளி வைத்த எண்கள். என் பெயரைவிட நீளம், மதிப்பும் அதிகம்.

ரூனெ தொலைபேசியில் கூடவே இருந்து ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கச் சொன்னான். வெளியிலிருந்து வருகிறவனுக்கு ஒரு கதவு எண் வேண்டும், அதற்குப் பெயர் போர்ட். அந்தக் கதவைத் தட்டுகிறவனை ரவுட்டர் குடிலில் உள்ள கேமராவிடம் அனுப்பிவைக்கும். கடவுச்சொல் சொன்னால்தான் கேமரா முகம் காட்டும். விளக்கும்போது எனக்கே புரிந்தது. எண்களைத் தட்டினேன், சேமித்தேன்.

"அவ்வளவுதான். இனிமே வேலை செய்யும்," என்று சொல்லி, நான் சோதித்துப் பார்ப்பதற்குள் போய்விட்டான். மருத்துவர்களும் இப்படித்தான்.

சோபாவில் உட்கார்ந்து, கைப்பேசியில் அந்தப் பொது முகவரியைப் போட்டேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "பக்கத்தை அடைய முடியவில்லை."

வீட்டுக்குள் வழங்கும் பழைய முகவரியைப் போட்டால் கேமரா சமர்த்தாகத் திறக்கிறது. செடிகள், நீல வாளி, பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடியில் மழை விழும் சத்தம் உட்பட. பொது முகவரியைப் போட்டால் வட்டம்.

வெர்னரிடம் சொன்னேன்.

"நீ தப்பா போட்டிருப்பே."

"சரியாத்தான் போட்டேன்."

"ரவுட்டரை அணைச்சுப் போடு."

அணைத்துப் போட்டேன். வட்டம்.

மே 22, புதன்

வட்டம்.

மே 25, சனி

வீபோருக்குப் போனேன். வெர்னர் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்து காட்டினான். காட்டியபடியே பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று பயிற்சி கொடுத்தான். அவள் முகத்தில் இருந்த புன்னகை எனக்குப் பழக்கம். என் கல்யாணப் படத்துக்குப் பிறகு வந்த எல்லாப் படத்திலும் நான் அதைத்தான் அணிந்திருக்கிறேன்.

அவன் அறையில் இன்னொருவர், பல்லெ. படகுத் துறையில் இயந்திரம் பார்த்தவர், இடுப்பு மாற்றியிருக்கிறார். பெரிய டேப்லெட் பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உலகத்துக் குதிரைப் பந்தயமெல்லாம் பார்க்கிறார்.

"முகவரியை எழுதிக் குடு, எண்ணை நான் சரிபார்க்கிறேன்," என்றான் வெர்னர். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்தான்.

"எண் சரியாத்தான் இருக்கு," என்றான், ஏமாற்றத்தோடு.

மே 29, புதன்

ஆஸ்டா அழைத்தாள். என் தங்கை, கடலோர நகரமான ஓர்ஹூஸில் இருக்கிறாள். அவள் கட்டடத்தில் ஒரு சின்ன வீடு காலியாகிறதாம். காத்திருப்போர் பட்டியலில் என்றோ என் பெயரையும் சேர்த்திருந்தோம், ஒயின் குடித்த ஒரு சாயங்காலம், விளையாட்டாக. அந்த விளையாட்டு வரிசையில் நகர்ந்து நகர்ந்து இன்று முன்னால் வந்து நிற்கிறது. ஜூன் நடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"உனக்கு வேணுமா வேணாமா, அக்கா?"

"வெர்னருக்குக் கால் உடைஞ்சிருக்கு, ஆஸ்டா."

"கால்தானே. அது கூடிடும். நான் உன்னைக் கேக்கறேன்."

பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். குடிலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தக்காளி இலைக்கு ஒரு வாசனை உண்டு, கசப்பும் பச்சையும் கலந்து. வெர்னர் இருக்கும்போது இங்கே வர எனக்கு அனுமதி உண்டு, உட்கார நேரம் இருக்காது. வாளியைக் கொடு, கயிற்றைப் பிடி, அங்கே நிற்காதே.

இன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. நானே செடிகளிடம் பேசினேன். உரக்க. பைத்தியமா என்று யோசித்தேன். இருக்கட்டும், இங்கே கேட்க யார் இருக்கிறார்கள்.

மே 31, வெள்ளி

குடிலில் மறுபடி. மாமியாரின் பீட்ரூட் ஊறுகாய் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்று செடிகளிடம் தெரிவித்தேன். அமைதியாக ஏற்றுக்கொண்டன. வட்டம் மட்டும் இன்றும் சுற்றுகிறது. அதையும் செடிகளிடமே திட்டித் தீர்த்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

நேற்று ஓர்ஹூஸ் போய் வீட்டைப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, கடலின் ஒரு கீற்று தெரியும் பால்கனி. சன்னலருகே நின்றேன். யாரும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். ஆஸ்டா காப்பி ஆறிவிட்டது என்று வந்து கூப்பிட்டாள்.

போகும் அவசரத்தில் குடிலின் சன்னலையும் கதவையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். நேற்று வெயில் கொளுத்தித் தள்ளியது. திரும்பி வந்தால் செடிகள் எல்லாம் தலை தொங்கிக் கிடக்கின்றன. தண்ணீர் ஊற்றி ஊற்றி மற்றவற்றை எழுப்பிவிட்டேன். ஓரத்தில் இருந்தது மட்டும் எழவில்லை. வெர்னர் விதையிலிருந்து வளர்த்தது.

இன்று காலை நாற்றுப் பண்ணைக்குப் போய் அதே உயரத்தில் ஒன்று வாங்கி வந்து, செத்ததைப் பிடுங்கி இதை நட்டேன். "நீ யாருன்னு கேட்டா வாயைத் திறக்காதே," என்று அதனிடம் சொல்லிவைத்தேன்.

சாயங்காலம் வெர்னர் அழைத்தான்.

"செடியெல்லாம் எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

"எல்லாமா?"

"எல்லாமும்தான்."

"சரி," என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையை மாற்றியிருப்பார்கள்.

ஜூன் 5, புதன்

அரசியல் சாசன நாள், மேடைக்கு மேடை உரை நடக்கும். தெருவெல்லாம் கொடி. நான் குடிலில் உரை நிகழ்த்தினேன்.

எப்படியும் அவனிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். முகத்துக்கு நேரே சொன்னால் முதல் வரியிலேயே பிரேக் விழும். அதனால் முதலில் செடிகளிடம் சொல்லிப் பழகினேன். நினைவில் இருக்கும்வரை எழுதிவைக்கிறேன்:

"வெர்னர், எனக்கு உன்மேல கோபம் இல்ல. நீ கெட்டவனும் இல்ல. ஓர்ஹூஸ்ல ஒரு வீடு கிடைச்சிருக்கு, நான் போகலாம்னு இருக்கேன். முட்டை வேகறப்போ பின்னாடி நின்னு நிமிஷம் எண்ணாத ஒரு சமையல்கட்டு எனக்கு வேணும். ஒரு பேச்சை ஆரம்பிச்சா அது எங்க போய் முடியுதுன்னு ஒரு தடவையாவது நானே பார்க்கணும். உன் பக்கத்துல உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஓட்டத் தெரியுமாங்கறதே மறந்துபோச்சு."

இதுவரை நன்றாக வந்தது. பிறகு மூக்கை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது. கைக்குட்டை இல்லை. செடி கட்டும் துணிக் கீற்று ஒன்று கிடந்தது, அதால் துடைத்தேன்.

எதிர்க் கருத்து எதுவும் எழவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஜூன் 6, வியாழன்

வெர்னர் இன்று அழைக்கவே இல்லை. தொலைபேசிக் கம்பியை ஆட்டிப் பார்த்தேன்.

ஜூன் 7, வெள்ளி

ஒரே ஒரு முறை அழைத்தான். சன்னலைக் கேட்கவில்லை. தண்ணீரைக் கேட்கவில்லை.

"என்ன சாப்பிட்டே?" என்றான்.

"கறுப்பு ரொட்டியும் ஈரல் விழுதும்."

"நல்லா இருந்துச்சா?"

இந்தக் கேள்வியை அவன் வாயால் நான் கேட்டதில்லை. நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, இல்லத்தின் தாதிக்குத் தனியாகத் தொலைபேசி செய்து, விழும்போது தலையில் அடிபட்டதா என்று மறுபடி பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தார்களாம். தலை நன்றாகத்தான் இருக்கிறதாம்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று நேரில் சொல்லிவிடுவது என்று வீபோருக்குப் போனேன். பொதுக்கூடத்தில் வெர்னர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கன்னம் கொஞ்சம் வற்றியிருந்தது. நான் கொண்டுபோன ஸ்ட்ராபெரியை ஒவ்வொன்றாகக் காம்பு கிள்ளி என் பக்கமே தள்ளினான். ஏன் என்று கேட்டால், "உனக்குப் பிடிக்குமே," என்கிறான். எனக்குப் பிடிக்கும் என்பது அவனுக்கு எப்போது தெரியவந்தது?

சொல்ல வாயெடுத்தேன். அப்போது பக்கத்து மேசையில் பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முன்பின் தெரியாதவள்.

"நீங்கதானே போடில்? அந்தப் புதுச் செடி வேர் பிடிச்சுதாம்மா?"

"பிடிச்சிருச்சு," என்றேன். கேட்டால் பதில் சொல்கிற பழக்கம்.

பல்லெ திடீரென்று இருமினார். வெர்னர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த அம்மாள் இன்னும் விடவில்லை. "பீட்ரூட் ஊறுகாய் எனக்கும் ஆகாது," என்று என் கையைத் தட்டினாள்.

சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். கார் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. புதுச் செடியைப் பற்றி நான் ஒரு உயிரிடமும் சொல்லவில்லை. ஆஸ்டாவிடம்கூட. பீட்ரூட்டைப் பற்றி, செடிகளைத் தவிர எவரிடமும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

காரை ஓரமாக நிறுத்தினேன். ஆனால் கேமராதான் வெளியே தெரியாதே. தினமும் சோதித்துப் பார்க்கிறேனே.

ஜூன் 10, திங்கள்

ரூனெயைப் பிடித்தேன். நல்லவேளை அவனே எடுத்தான்.

"தம்பி, வெளியில இருந்து கேமரா தெரியுதா தெரியலையா, ஒரே வார்த்தையில சொல்லு."

"எங்க இருந்து பார்க்கறீங்க?"

"வீட்டுல இருந்துதான். வேற எங்க இருந்து பார்ப்பாங்க?"

"வீட்டு வைஃபையிலயா?"

"பின்னே?"

"கைப்பேசியில வைஃபையை அணைச்சிட்டு, வெளி சிக்னல்ல போட்டுப் பாருங்க."

அணைத்தேன். பொது முகவரியைப் போட்டேன். வட்டம் அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை. கடவுச்சொல் கேட்டது. சொன்னேன். குடில். நாற்காலி. ஓரத்தில் புதுச் செடி, நிமிர்ந்து, சாட்சி சொல்லத் தயாராக.

"தெரியுதா?" என்றான் ரூனெ.

"தெரியுது."

"சில ரவுட்டர் அப்படித்தான். வீட்டுக்குள்ள இருந்துகிட்டே வீட்டோட வெளி முகவரியைக் கூப்பிட்டா, வெளியே போய்த் திரும்பி உள்ள வர அதுக்குத் தெரியாது. உள்ள இருக்கறவங்களுக்கு மட்டும் திறக்காது. மத்தவங்களுக்கு முதல்ல இருந்தே திறந்துதான் இருந்திருக்கும்."

"முதல்ல இருந்தேன்னா?"

"நாம கதவை வச்ச நாள்ல இருந்து. உங்ககிட்ட அன்னைக்கே கேட்டிருக்கணும். மன்னிச்சிருங்க."

மன்னித்தேன். அவன் என்ன செய்வான் பாவம். சுவருக்குக் காது உண்டு என்று தெரிந்த நான்தான் கண்ணாடிக்கு இருக்காது என்று நினைத்தேன். அதுவும் கண்ணெதிரே ஒரு கேமராவை வைத்துக்கொண்டு.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன், அந்த நாற்காலியில் என்னவெல்லாம் சொன்னேன் என்று. பீட்ரூட். அவன் அண்ணனைப் பற்றிச் சொன்னது. அவன் குறட்டையை நான் நடித்துக் காட்டியது, ஐயோ, நடித்து வேறு காட்டினேன். துணிக் கீற்றில் மூக்குச் சிந்தியது. ஓர்ஹூஸ். முட்டை. எல்லாம். பின்னல் அம்மாள் முன்னிலையில்.

வெட்கம் முதலில் வந்தது. அதை இடித்துத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. பாத்திரம் கழுவினேன். ஒரு தட்டு போய்விட்டது.

ஜூன் 11, செவ்வாய்

குடிலுக்குப் போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு. நாற்காலியைக் கேமராவுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"வெர்னர், நீ அங்க இருக்கேன்னு தெரியும். குறுக்கே பேச முடியாது உன்னால. பேசற வசதி வச்ச கேமரா எதுக்குன்னு சொல்லி நீதான் இதை வாங்கினே.

"வெட்கமா இல்லையா உனக்கு? ஊரைக் கூட்டி உட்கார வச்சு என் மூஞ்சியைக் காட்டியிருக்கே. சரி, அது கிடக்கட்டும். இப்ப இதைக் கேளு. நீ விழுந்த அன்னைக்கு, ஆம்புலன்ஸ் வரவரைக்கும் புல்லுல படுத்துக்கிட்டு, ஏணியை எப்படி மடிச்சு வைக்கணும்னு எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தே. நீ செத்துப்போயிடுவேன்னு நினைச்சேன். நீ ஏணியோட கொக்கியைப் பத்திப் பேசறே. நான் கொக்கியை மாட்டினேன். அப்பக்கூட நீ சொன்ன மாதிரியே மாட்டினேன்.

"நாளைக்கு ஆஸ்டாகிட்ட சரின்னு சொல்லப் போறேன். உன்கிட்ட அனுமதி கேக்கல. தெரியப்படுத்தறேன். உனக்குக் கால் சரியாகறவரைக்கும் இங்கதான் இருப்பேன், அது வேற விஷயம். அந்த ஓரத்துச் செடி செத்ததுக்கு மன்னிச்சுக்கோ. மத்ததுக்கெல்லாம் இல்ல."

நிறுத்தினேன். சொல்ல இன்னும் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. முடிந்துவிட்டது. ஒரு பேச்சு முடிந்துபோகும்போது இப்படித்தான் இருக்கும் போல, காலணியைக் கழற்றின மாதிரி.

தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடிக்கவில்லை.

ஜூன் 12, புதன்

ஆஸ்டாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். இதற்கு நீ ஏன் அழுகிறாய் என்றேன்.

பிறகு பல்லெ அழைத்தார். வெர்னருக்குத் தெரியாமல், கழிப்பறையில் நின்றுகொண்டு பேசினாராம். இடுப்பு மாற்றியவர்.

"தப்பு என்மேலயும் இருக்கும்மா. அந்தச் சீட்டுல இருந்த முகவரியை என் பலகையில போட்டுப் பார்த்தது நான்தான். வெர்னர் கடவுச்சொல் சொன்னான், டக்குனு வந்துருச்சு. இங்க ஒரு பொழுதுபோக்கும் கிடையாது, நீங்க பேசறது நல்லா இருக்கும், நாங்க நாலைஞ்சு பேர் உட்கார்ந்து பார்ப்போம். ஊறுகாய் அன்னைக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

"சந்தோஷம்."

"அந்தக் கொடி நாள்ல இருந்து வெர்னர் யாரையும் பார்க்க விடறதில்ல. பலகையை வாங்கிக்கிட்டுப் போயிடுவான், காதுல ஒயரை மாட்டிக்கிட்டுத் தனியாப் போய் உட்கார்ந்துக்குவான். நேத்தும் அப்படித்தான். திரும்பி வந்து சாப்பிடல."

"அவனுக்கு மீன் பிடிக்காது," என்றேன். நேற்று அங்கே என்ன சமைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 14, வெள்ளி

வெர்னர் அழைத்தான்.

நானாக ஆரம்பிப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"போடில்."

"ம்."

"முதல் நாள் நான் சொல்லத்தான் இருந்தேன், தெரியுதுன்னு. அதுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சுட்டே."

"அதுக்கு?"

"தெரியுதுன்னு சொன்னா நீ நிறுத்திடுவேன்னு தோணிச்சு."

ஆமாம், நிறுத்தியிருப்பேன். அதுதான் உண்மை. அதை அவனுக்குத் தருவானேன் என்று சும்மா இருந்தேன்.

"எல்லாரும் பார்த்தது தப்பு. என்னைத் திட்டு."

"திட்டிட்டேன். பார்க்கலையா?"

"பார்த்தேன்." ஒரு செருமல். "கொக்கியைப் பத்தி நான் பேசினது எனக்கு ஞாபகமே இல்ல. பயந்துட்டேன்னு நினைக்கிறேன்."

இவன் பயந்தான் என்ற தகவல் இத்தனை காலம் எந்த முகவரியில் இருந்தது?

"சரின்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

நான் பிரேக்குக்காகக் காத்திருந்தேன். கால் மிதிக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது போல இருந்தது.

"எத்தனையாவது மாடி?" என்றான்.

"மூணாவது."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி," என்றான்.

லிஃப்டைப் பற்றி இவனுக்கு என்ன? போகிறவள் நான். எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

ஏரிக்கரையில் மத்தியகோடை விழாத் தீ, ஊரே கூடி மூட்டுவது. புகைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததால் புகையிலேயே நின்று இருமிவிட்டு வந்தேன். என் சொந்த இருமல்.

ஜூலை 6, சனி

வெர்னர் வீடு வந்துவிட்டான், ஊன்றுகோல் சகிதம். வரும் வழியெல்லாம் நான் ஓட்ட, அவன் பக்கத்தில். வட்டச் சந்திப்பில் அவன் வலது கால், உடைந்து ஒட்டியது, தரையை ஒருமுறை அழுத்தியது. வலித்திருக்கும். வாயைத் திறக்கவில்லை.

வந்ததும் நேரே குடிலுக்குப் போனான். நான் தொலைவில் நின்று பார்த்தேன். ஓரத்துச் செடியின் பக்கம் குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தான்.

"இதுதான் முதல்ல காய்ச்சிருக்கு," என்றான்.

"கடைச் செடி. அதுக்கு நம்ம சரித்திரம் தெரியாது."

சிரித்தான். பிறகு பக்கக் கிளையைக் கிள்ளக் கை நீட்டி, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தான். கிள்ளு கிள்ளு, தக்காளியில் எனக்கு அக்கறை இல்லை என்றேன். இது பொய். ஆனாலும் கிள்ளட்டும்.

ஜூலை 19, வெள்ளி

முட்டை. பின்னால் வந்து நின்றான். நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல் சத்தம் கூடத்துக்குப் போய்விட்டது. முட்டை கல்லாக வெந்துவிட்டது. இருவரும் உப்பு போட்டுத் தின்றோம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆஸ்டாவின் நண்பர் வண்டியில் சாமான் போயாகிவிட்டது. அதிகமில்லை. வெர்னர் ஒரு கோலோடு வாசல்வரை வந்தான். டயரில் காற்று பார்த்தாயா என்று கேட்கத் துடித்ததை உதட்டில் பார்த்தேன். கேட்கவில்லை.

"போயிட்டு வா," என்றான். போய்விட்டு வருவதற்காகப் போகவில்லை என்று இருவருக்கும் தெரியும். "சரி," என்றேன்.

தெரு முனை திரும்பும்போதுதான் அழுகை வந்தது. திரும்புவதற்கு விளக்குப் போட மறந்துவிட்டேன். பின்னால் வந்தவன் ஒலி எழுப்பினான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இங்கே காலையில் விழித்ததும் யாரும் மணி சொல்வதில்லை. எட்டா ஒன்பதா என்று நானும் தெரிந்துகொள்ளவில்லை. மத்தியானம் கொஞ்சம் பயமாக இருந்தது. இதைப் பற்றி ஆஸ்டாவிடம் சொல்லவில்லை, சொன்னால் கேக் கொண்டு வந்துவிடுவாள்.

ஆகஸ்ட் 24, சனி

வெர்னர் ரயிலேறி வந்தான். கேட்டுவிட்டுத்தான் வந்தான். ஒரு பை தக்காளி. பால்கனியில் உட்கார்ந்து தின்றோம். பிரிந்துவிட்டீர்களா என்று ஆஸ்டா கேட்கிறாள். தெரியவில்லை என்றேன். மாலை ரயிலுக்குப் போய்விட்டான்.

செப்டம்பர் 14, சனி

மறுபடி வந்தான். இது வழக்கமாகிக்கொண்டு வருகிறது. கோல் இல்லாமல், கொஞ்சம் சாய்ந்த நடை. காலணியைக் கழற்றி வாசலிலேயே கையில் வைத்துக்கொண்டு நின்றான், எங்கே போடுவது என்று தெரியாமல்.

இணைய நிறுவனம் அனுப்பிய புது ரவுட்டர் ஒரு வாரமாகப் பெட்டி பிரிக்காமல் சன்னலடியில் கிடக்கிறது. காப்பி போடும்போது கடைக்கண்ணால் பார்த்தேன். அவன் அதைப் பார்த்தான். வேறு பக்கம் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான், வகுப்பில் தண்டனை வாங்கியவன் மாதிரி.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

இரண்டாவது காப்பியும் குடித்து முடித்தான். எனக்கே பொறுக்கவில்லை.

"சரி, அதை மாட்டித்தான் குடேன்."

பெட்டியைப் பிரித்தான். கம்பியை உருவி நீட்டிப் பார்த்தான். அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான், சுவர், கதவு, அலமாரியின் உச்சி. எது சரியான இடம் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. பிறகு ரவுட்டரைக் கையில் ஏந்தியபடி என் பக்கம் திரும்பினான்.

"எங்க வைக்கட்டும்?"

புத்தக அலமாரிக்குக் கீழே, மூலையில், அந்தக் கூடைக்குப் பின்னால் என்றேன். அங்கே வைத்தால் சமையல் மூலைக்குச் சிக்னல் வராது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மெதுவாக முட்டி போட்டு, கூடையை நகர்த்தி, அங்கேயே வைத்தான்.